அஞ்சு சைக்கிளுக்கு ஒரு தோல் சீட்டு

வாடகை சைக்கிளில் விழுந்து முழங்கால் தோலை உரித்துக்கொண்ட என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு சீட்டுக்காகவா?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டால் நம்ப முடியாத கதைதான். ஆனால் நடந்தது. இலங்கை மலையகத்துப் பதுளையில், ஸ்டேசன் ரோட்டில், தகரம் வேய்ந்த ஒரு கொட்டிலில், எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு மழைக்காலத்தில் நடந்தது.

அந்தக் கொட்டில் என் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை. பின்னால் பலகைத் தட்டி போட்டு மறைத்த ஒரே அறையில் நாங்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான். முன்னால் அஞ்சு சைக்கிள். உயரமான கறுப்பு ஒன்று, அதன் பெயர் பெரியவன். பெடல் வளைந்து ஒரு பக்கமாக இழுக்கும் நொண்டி. பிள்ளைகள் ஓட்டப் பழகும் குட்டி. மற்ற இரண்டுக்கும் பெயர் வைக்கிற அளவுக்கு அழகு கிடையாது.

அஞ்சுக்கும் சேர்த்து உருப்படியான சீட்டு ஒன்றுதான். மற்றவற்றில் சாக்கை மடித்து, பழைய டியூபைக் கிழித்து வரிந்து கட்டியிருப்பார் அப்பா. அது சாக்குச் சீட்டு. இது தோல் சீட்டு. அப்பா பிறந்து வளர்ந்த தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்களாம். கட்டிலும் மேசையும் பெரிய ஆட்களுக்குப் போயின. அப்பாவுக்கு ஓர் ஓட்டைச் சைக்கிள் கிடைத்தது. அதன் சட்டம் துருப்பிடித்து உதிர்ந்தே போயிற்று. சீட்டு மட்டும் மிஞ்சியது. அதை வைத்துத்தான் தோட்டத்து லயத்தை, அந்த ஒற்றை அறை வரிசை வீட்டை, விட்டு இறங்கிப் பதுளையில் கடை போட்டேன் என்று அப்பா சொல்வார். ஒரு சீட்டை வைத்து எப்படிக் கடை போடுவது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை.

நன்றாக ஊறிய சாயத்தண்ணியின், பால் விடாத தேநீரின், நிறம் அதற்கு. மூக்குப் பக்கம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். அடியில் மூன்று சுருள் கம்பி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா தேங்காயெண்ணெயில் மெழுகுவர்த்தித் துண்டை உருக்கித் துணியால் தேய்ப்பாள். தோலும் எண்ணெயும் எத்தனையோ பேரின் வேர்வையும் சேர்ந்த அந்த வாசனை, சத்தியமாகச் சொல்கிறேன், இன்னமும் என் மூக்கில் இருக்கிறது. எங்கள் அம்மாவின் சேலை வாசனைகூட எனக்கு மறந்துவிட்டது, பாருங்கள்.

அந்தச் சீட்டைக் கழற்றி மாட்டுவதுதான் எங்கள் வீட்டு வேலை. தண்டோடு சேர்த்துக் கழற்றுவோம். ஸ்பேனரால் சட்டத்தின் ஆணியை இளக்கி, இரண்டு ஆட்டு ஆட்டினால் தண்டு மேலே வரும். அப்படியே தூக்கி அடுத்த சைக்கிளில் இறக்க வேண்டியதுதான். நொண்டியின் குழாய் கொஞ்சம் பெரியது, அதற்குப் பால் டின் தகரத்தை வெட்டித் தண்டைச் சுற்றி வைப்போம். தண்டில் அரத்தால் கீறிய மூன்று கோடுகள் இருந்தன. மேல் கோடு அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் குள்ளமான கிளார்க்கருக்கு. நடுக்கோடு மருந்துசாலை ஐயாவுக்கு. கீழ்க்கோடு பள்ளிக்கூட மாஸ்டருக்கு, அவருக்குக் கால் நீளம். சீட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்கு அது அடையாளம். மாஸ்டரின் கோட்டைக் கீறியது அக்கா.

யாருக்குத் தோல் சீட்டு, யாருக்குச் சாக்குச் சீட்டு என்பது அப்பாவின் சட்டம். ஆள் ரோட்டு முனையில் திரும்பும்போதே முடிவு செய்துவிடுவார். வெள்ளைக் காற்சட்டை என்றால் தோல். செருப்பில்லாத கால் என்றால் சாக்கு. தோட்டத்திலிருந்து வருகிற நம்மாட்களுக்கு ஒரு நாளும் தோல் சீட்டு வைத்ததில்லை.

"ஏன்பா, அவங்களுக்கும் அதே ஒடம்புதானே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"போடி வாயாடி. மனுசன எடம் தெரிஞ்சு ஒக்கார வைக்கணும். அது தெரியாமப் போனாத்தான் குடி கெடும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வரும். நாமே லயத்து ஆட்கள்தானே, நமக்கு என்ன இந்தப் பவிசு என்று தோன்றும். இப்போது யோசித்தால் வேறொன்று தெரிகிறது. அப்பாவின் தகப்பனார் ஆயுள் முழுக்கக் கங்காணியின் நாற்காலிக்கு முன்னால் நின்றே பேசியவர். நாற்காலி எங்களைப் படுத்திய பாடு அப்பாவின் எலும்பில் இறங்கியிருந்தது. அந்தப் பயத்தைத்தான் அவர் மரியாதை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் கிளார்க்கரும் மாஸ்டரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அப்பாவைப் பார்க்க வேண்டுமே! முகம் வெளிறி, கிளார்க்கரிடம் "ஐயா, காத்து கொஞ்சம் கொறவா இருக்கு, இதோ அடிச்சிர்றேன்" என்று நல்ல டயரின் காற்றை இறக்கிவிட்டு மறுபடி அடித்தார், மறுபடி இறக்கினார். பம்பைத் தேடுகிற சாக்கில் நடுவே வந்து மாஸ்டரைத் தோல் சீட்டில் ஏற்றி ஹாலிஎலப் பக்கம் அனுப்பிவிட்டார். பிறகு கிளார்க்கரிடம் ஓடிப்போய், "ஐயாவோட சீட்டு கம்பி ஒடஞ்சிருச்சுங்க, நாளைக்கு ரெடி" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அக்காவும் தட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தது போல நாங்கள் இருவரும் சேர்ந்து பிறகு சிரிக்கவேயில்லை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கணக்குப் படிப்பிக்கிறவர், அக்காவின் பள்ளிக்கூடத்தில்தான். கோயில் தெருவில், ஆண்கள் வாடகைக்குத் தங்கும் ஒரு போடிங்கில் இருந்தார். சனிக்கிழமை தோறும் காலை ஒன்பதரைக்கு வந்து, ஹாலிஎலவுக்கு அப்பாலுள்ள தோட்டப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளுக்குச் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாலு மணிக்குத் திரும்புவார். அப்பா அவரைச் சாமி மாதிரி பார்த்தார்.

அந்த வருசம் அக்காவின் பத்தாம் வகுப்பு ஓ.எல். பரீட்சை முடிவு வந்தது. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அவள்தான் முதல். அப்பா கடைக்கு முன்னால் போய், தோல் சீட்டைக் கழற்றி, குட்டிச் சைக்கிளில் மாட்டி, ஆணியை முறுக்கி, "ஏறு" என்றார்.

"அப்பா, எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். ஏறு புள்ள."

அக்கா பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பதுளு ஓயாப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினாள். கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்தபோது முகம் சிவந்து, மூச்சு வாங்க, "கம்பி நல்லா தூக்கிப் போடுதுடி, மேட்டுல ஏறுனதே தெரியல" என்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பம்பை எங்கே வைத்தோம் என்று தேடுவது போல் உள்ளே போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் நான் பார்த்த மிகப் பெரிய சந்தோசம் அதுதான். அதற்கு மேல் ஒன்று எனக்கு ஞாபகத்தில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் சைக்கிளை விட்டு இறங்கியதும் அப்பாவைக் கூப்பிட்டார்.

"இவவை இஞ்சை வைச்சிருந்து என்ன செய்யப் போறியள்? இங்கை தமிழிலை மேலே விஞ்ஞானம் படிக்க வசதி இல்லை. யாழ்ப்பாணத்திலை என்ரை தமக்கை ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறா. நான் சொன்னால் இடம் தருவினம். இந்தப் படிவத்தை நிரப்பி, பிறப்புச் சான்றிதழோடை என்னட்டைத் தாங்கோ. லீவுக்கு நான் ஊருக்குப் போறதுக்கு முதல் தர வேணும், அது முக்கியம்."

அப்பா படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "புள்ள என்னவா வரும் சேர்?" என்று கேட்டார்.

"டொக்டராய் வருவா எண்டு சொல்லேல்லை. ஆனால் ஏன் வரக் கூடாது?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் அந்தப் படிவத்துக்காகத்தான். அம்மா தன் கூறைச்சேலையை வெட்டி அக்காவுக்கு இரண்டு பாவாடை தைத்தாள். படிவம் லேசில் முடிகிற காரியமாக இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயரை அன்றைக்கு எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அக்காவின் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று தோட்டத்து ஆபீசில் கடிதம் வாங்க வேண்டும். அப்பா மூன்று தடவை தெமோதரைக்கு நடையாய் நடந்தார். மூன்றாவது தடவை போனது ஒரு சனிக்கிழமை. "மாஸ்டர் வருவாரு, பெரியவன்ல தோல் சீட்ட மாட்டி வைங்க. இன்னைக்கு சாயந்தரம் பாரத்த நெரப்பி அவரு கையில குடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு விடியற்காலை பஸ்ஸில் போனார்.

அக்கா சீட்டை மாட்டி, கீழ்க்கோட்டுக்குச் சரிசெய்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமா பெண்சாதிக்கு அன்று காலைதான் பிள்ளை பிறந்திருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, தெமோதரையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கடையில் நான் மட்டும் இருந்த நேரத்தில் அவர் நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

"குட்டி, பொம்பளப் புள்ள பொறந்திருக்குடி! ஹாலிஎலவுல மாமியார் வீட்டுக்குச் சொல்லணும். பஸ்ஸு இப்போதைக்கு இல்ல. ஒரு சைக்கிள் குடு."

நொண்டியைக் காட்டினேன். ஏறி உட்கார்ந்தவர் "ஐயோ அம்மா" என்று துள்ளி இறங்கினார். உட்காருகிற இடத்தில் அவருக்குக் கட்டி வந்து பழுத்திருந்தது. சாக்கைத் தொட்டாலே உயிர் போகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. அதோடு சேர்ந்து அப்பாவின் மேல் இருந்த பழைய எரிச்சலும் கிளம்பியது. தகப்பனாகிவிட்ட மனுசன் ஒருநாளாவது தோல் சீட்டில் போகட்டுமே, வெள்ளைக் காற்சட்டைக்காரர்களுக்கு மட்டும்தானா வலிக்கும்?

"ஒம்பது மணிக்குள்ள வந்துருவீங்களா மாமா?"

"எட்டரைக்கே வந்துருவேன்டி தங்கம்."

பெரியவனில் இருந்து சீட்டை இழுத்தேன். தகரத்தைச் சுற்றி நொண்டியில் இறக்கி, ஆணியை முறுக்கினேன். எல்லாம் என் கையால்தான். மாமா கையை ஆட்டிக்கொண்டே போனார். குடத்தோடு எதிரே வந்த அக்கா குடத்தை ரோட்டிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அடிப்பாவி! இன்னைக்கு சனிக்கிழமைடி!"

ஒன்பது அடித்தது, மாமாவைக் காணோம். ஹாலிஎலவில் மாமியார் வீட்டில் கோழி அடித்து விருந்து வைத்து மருமகனை உட்கார வைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மழை இன்னும் வலுத்தது. அக்கா பெரியவனில், வாசலில் நனைந்திருந்த ஒரு சாக்குச் சீட்டை மாட்டி, அதன் மேல் தன் பள்ளிக்கூடச் சட்டையை மடித்து விரித்தாள். மாஸ்டர் ஒன்பதரைக்கு வந்தார். குடையை மடித்துக் கம்பியில் செருகினார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நேரம் போட்டுது பிள்ளை" என்று ஏறி மிதித்துவிட்டார். பாலத்தடியில் திரும்பும்போது பார்த்தோம், வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் சாக்குத் தண்ணீர் ஊறிப் பழுப்பாகியிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பகல் ஒரு மணிக்கு அப்பா பஸ்ஸை விட்டு இறங்கினார். கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. அதே நேரம் மாமாவும் நொண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பா சீட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"மாஸ்டர் எதுல போனாரு?"

மாமா நொண்டியைத் தூணில் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"சொல்லுங்க. யாரு கழட்டினது?"

பேச நினைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அக்கா பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் பேசினாள்.

"நான்தான்பா."

மாமா நடுவில் வந்து, "மச்சான், எனக்குக் கட்டி வந்து..." என்று தொடங்கினார். அப்பா அவரைப் பார்க்கவேயில்லை. அக்காவிடம், "ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியே புள்ள" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

நாலு மணிக்கு மாஸ்டர் ரோட்டு முனையில் திரும்புவது தெரிந்தது. அப்பா படிவத்தையும் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், திடீரென்று தட்டிக்குப் பின்னால் போய்விட்டார். "நான் இல்லன்னு சொல்லு" என்று அக்காவிடம் ரகசியமாகச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் நாலடி தூரத்தில் நின்றார்.

"அப்பா இல்லையோ?"

"வெளிய போயிருக்காரு சேர்."

"அவரை ஒருக்கா என்னட்டை வரச் சொல்லும் பிள்ளை. வாற சனிக்கிழமை நான் ஊருக்குப் போறன்."

அவ்வளவுதான். போய்விட்டார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து விசயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவருதான் வரச் சொல்லிட்டுப் போயிருக்காரே! போய்க் குடுத்துட்டு வாங்க."

"வரச் சொன்னது எதுக்குன்னு ஒனக்குத் தெரியுமா? கூப்பிட்டு வச்சுக் கேக்கப் போறாரு. அந்த மாதிரி மனுசன ஈரச் சாக்குல ஒக்கார வச்சுட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி உதவி கேக்கிறது?"

"படிச்ச மனுசன் சீட்டுக்கெல்லாமா கோவிச்சுக்குவாரு? நான் போறேன், குடுங்க."

"நீ ஒண்ணும் போக வேணாம்."

"நான் கொண்டு போயிக் குடுக்கிறேன்பா" என்றாள் அக்கா.

"வயசுப் புள்ள ஆம்பளைங்க போடிங்குக்குத் தனியா போவியா?"

படிவம் தகரப் பெட்டிக்குள் போனது. சாவி அப்பாவின் அரைஞாணில். திங்கள், செவ்வாய், புதன். மழை விடவில்லை. அக்கா புதுப் பாவாடைகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வியாழக்கிழமை அப்பாவுக்கு ஏதோ தெளிவு வந்தது போலிருந்தது. பெரியவனைக் கழுவினார். கம்பி கம்பியாகத் துடைத்தார். தோல் சீட்டுக்கு எண்ணெய் போட்டு, தண்டைக் கீழ்க்கோட்டுக்கு உயர்த்தி, நூல் பிடித்து மூக்கை நேராக்கினார். படிவத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்கு உயிர் வந்தது. நானும் கூடவே போனேன்.

போடிங் வாசலில் இருவரும் நின்றோம். விளக்கு வைக்கிற நேரம். உள்ளே மாஸ்டர் யாருடனோ பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அப்பா இரும்புக் கேற்றில் சைக்கிளைச் சாய்த்தார். சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். பெல்லைத் தொட்டார், அடிக்கவில்லை. பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி நடக்கத் தொடங்கினார்.

"பாரம் குடுக்கலையாப்பா?"

"மொதல்ல அவரு சீட்ட ஏத்துக்கட்டும். பாத்தா அவருக்குப் புரியும். நாளைக்கு அதுல ஏறி வந்தாருன்னா கோவம் போயிருச்சுன்னு அர்த்தம். அப்பக் குடுப்போம்."

பத்து வயதுப் பிள்ளைக்கு அது சரியாகத்தான் பட்டது. நானும் அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தவள்தானே. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ரோட்டு முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியவன் வந்தான். போடிங்கில் சமைக்கிற ஆள் தள்ளிக்கொண்டு வந்து, "இது ஒங்க சைக்கிளாம், குடுத்துட்டு வரச் சொன்னாரு மாஸ்டர்" என்று சாய்த்துவிட்டுப் போனார்.

அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தபடி நின்றார். "ஏத்துக்கல" என்றார். பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை காலை ரயில் ஊதியது. எங்கள் கடைக்கு அது நன்றாகவே கேட்கும். அக்கா நொண்டியின் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஊதல் அடங்கும் வரைக்கும் ஸ்பேனரை அசைக்காமல் பிடித்திருந்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள். தை பிறந்ததும் மாஸ்டர் வருவார் என்று நான் நாள் எண்ணினேன். அவர் ஊருக்கே மாற்றலாகிப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. "நம்ம மூஞ்சில முழிக்கவே பிடிக்கலையாம், பாத்தீங்களா" என்றார் அப்பா.

மீதியை நீட்ட எனக்குத் தெம்பில்லை. அக்காவை ஹல்துமுல்லையில் ஒரு தோட்டத்தில் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கொடுத்தார்கள். கணக்கில் முதலாவதாக வந்தவள் முப்பத்தைந்து வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். நிறுவைக்காரன் தராசில் ஏமாற்றினால் மனக்கணக்கிலேயே பிடித்துவிடுவாள் என்று அந்த லயத்தில் சொல்வார்கள். அது அவளுக்கு நல்ல பெயரையா வாங்கிக் கொடுத்தது? இல்லை, வாய்க்காரி என்ற பெயரைத்தான். அப்பா சாகும்வரை வருகிறவர் போகிறவரிடம், "டாக்டராக வேண்டிய புள்ள, அவளே கெடுத்துக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நான் படித்தேன், டீச்சரானேன், பென்சன் வாங்குகிறேன். தோல் சீட்டு அதற்குப் பிறகு எந்தச் சைக்கிளிலும் ஏறவில்லை, ஆணியில் தொங்கியது. பிறகு வந்த இனக் கலவரத்தில் கடை எரிந்தபோது சாம்பலில் மூன்று சுருள் கம்பியைக் கண்டேன். எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

போன வருசம் எங்கள் பக்கத்து ஆட்களோடு பஸ்ஸில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்குப் போனேன். மாஸ்டர் அங்கே மகள் வீட்டில் இருக்கிறார் என்று ஒரு சிநேகிதி சொல்லியிருந்தாள். தேடிப் போனேன். எண்பது தாண்டிவிட்டது, ஒரு காது கேட்காது. ஆனால் அக்காவைச் சொன்னதும் நிமிர்ந்துவிட்டார்.

"அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையோ? எங்கை இருக்கிறா? ஏன் உங்கடை அப்பா படிவம் தரேல்லை? தமக்கைக்கு எழுதி இடமும் பிடிச்சு வைச்சுப்போட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் அவர் காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, மழை, காற்சட்டை, எல்லாம்.

"சீட்டோ?" என்றார். "என்ன சீட்டு பிள்ளை? சைக்கிள் எண்டால் ஏறி மிதிக்கிறதுதானே. எனக்கு அப்பிடி ஒண்டும் ஞாபகமில்லையே."

"போடிங் வாசல்ல சைக்கிள் வச்சிட்டு வந்தோமே சேர்? தோல் சீட்டு போட்டு?"

"ஓம் ஓம், ஆரோ ஒரு சைக்கிளை விட்டிட்டுப் போட்டினம். வாடகைக்கு எடுத்தவன் மறந்து போட்டான் எண்டு நினைச்சு, பாவம் கடைக்காரர் தேடுவார் எண்டுதான் அனுப்பினனான்." பிறகு மெதுவாக, "பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப உங்கடை ஆக்களுக்கு மனமில்லை எண்டு நினைச்சன்" என்றார்.

"ஒரு நடை வந்து கேட்டிருக்கலாமே சேர். அஞ்சு நிமிச தூரம்தானே."

"ஓம்" என்றார். "வந்திருக்கலாம்." அவர் கண்ணைத் துடைக்க மகள் வந்தாள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

திரும்பியதும் நேராக ஹல்துமுல்லைக்குத்தான் போனேன். அக்கா லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மாஸ்டருக்குக் கோபமே இல்லை, சீட்டையே அவர் கவனிக்கவில்லை, இடம் பிடித்து வைத்துக் காத்திருந்தார் என்று சொன்னேன். அவள் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று நினைத்தேன். என் பாரத்தைத்தான் இறக்கினேன் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. தைலம் தேய்த்த கை நின்றுவிட்டது.

"இத ஏன்டி எங்கிட்ட வந்து சொல்ற?" என்றாள். "அவரு கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சுத்தான் இத்தன வருசம் மனசத் தேத்திக்கிட்டுக் கெடந்தேன். பெரிய மனுசனுக்குக் கோவம் வந்திருச்சு, நமக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான்னு. யாருக்கும் கோவமே இல்லன்னா, எனக்கு என்னத்துக்குடி இப்படி ஆச்சு?"

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நான் போய் அவளிடம் சொல்கிறேன்.